குடலின் கடைக்கோடியில் எடுத்த படம்

பெருங்குடலை உள்ளிருந்து பார்க்கும் கொலோனோஸ்கோபியின் அறிக்கைகளில் தவறாமல் இடம்பெறும் வரி ஒன்று உண்டு: 'ஸ்கோப் சீக்கம் வரை செலுத்தப்பட்டது.' சீக்கம் என்பது பெருங்குடல் தொடங்கும் இடம். ஆசனவாய் வழியே போகிறவருக்கு அதுவே கடைக்கோடி. மலக்குடல், சிக்மாய்டு, இறங்குகுடல், குறுக்குக்குடல், ஏறுகுடல் என்று ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் குடலைக் கடந்து, அடிவயிற்றின் வலது மூலைக்குப் போய்ச் சேர வேண்டும். 'சீக்கம் வரை பார்த்தாயிற்று, எல்லாம் இயல்பு' என்று அறிக்கை வந்துவிட்டால், குடும்பத்தில் பெருங்குடல் புற்றுநோய் இல்லாத ஒருவர் அடுத்த பரிசோதனைக்கு 10 ஆண்டுகள் கழித்து வந்தால் போதும் என்கின்றன மேலை நாட்டு வழிகாட்டு நெறிகள். அந்தப் 10 ஆண்டு நிம்மதியைத் தாங்கி நிற்பது அந்த ஒற்றை வரிதான். அது உண்மையா என்று யார் சொல்வது? நோயாளி மயக்கத்தில் இருந்தார். உறவினர்கள் வெளியே காத்திருந்தார்கள். ஸ்கோப்பைப் பிடித்திருந்தவரின் வார்த்தையைத் தவிர வேறென்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியைப் பிரிட்டன் தன்னைத்தானே கேட்டுக்கொண்டது. பெருங்குடல் புற்றுநோயைக் கண்டறிய நாடு தழுவிய திட்டம் ஒன்றைத் தொடங்கலாமா என்ற யோசனை அப்போது இருந்தது. அதற்கு முன்னால், நம் மருத்துவர்கள் செய்யும் கொலோனோஸ்கோபி எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று 68 மையங்களில் 4 மாதங்கள் கணக்கெடுத்தார்கள். மொத்தம் 9,223 பரிசோதனைகள். முடிவு 2004-இல் 'கட்' மருத்துவ இதழில் வந்தது. சீக்கத்தை அடைந்ததாக மருத்துவர்கள் பதிவு செய்தது 76.9 சதவீதம். இதுவே குறைவு. ஆனால் சீக்கத்துக்கே உரிய, சந்தேகத்துக்கு இடமில்லாத அடையாளங்களைக் கண்டதாகச் சொன்னவற்றை மட்டும் எண்ணியபோது அது 56.9 சதவீதமாகச் சரிந்தது. ஐந்தில் ஒரு பரிசோதனையில் 'போய்ச் சேர்ந்தேன்' என்ற சொல்லுக்குப் பின்னால் உறுதியான ஆதாரம் இல்லை. முதல் 100 கொலோனோஸ்கோபிகளை மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் செய்து பழகியவர்கள் 17 சதவீதம் பேர் மட்டுமே என்பதும் அதே ஆய்வில் வெளியானது.

அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. குடலுக்குள் வழி தவறுவது அத்தனை எளிது. கல்லீரலுக்குக் கீழே குடல் திரும்பும் வளைவு, ஸ்கோப் முனையில் பார்த்தால் முடிவிடம் போலவே தோன்றும். அங்கே ஒரு மடிப்பு குறுக்கே நிற்க, கொஞ்சம் கலங்கல் நீரும் தேங்கியிருந்தால், அனுபவசாலிகூட 'இதுதான் சீக்கம்' என்று திரும்பிவிடுவார். ஒரு காலத்தில், ஸ்கோப்பின் வெளிச்சம் வயிற்றுத் தோலின் வழியே வலப்பக்கம் தெரிந்தால் போதும் என்று வைத்திருந்தார்கள். நீண்டு தொங்கும் குறுக்குக்குடலும் அதே இடத்தில் வெளிச்சம் காட்டும் என்பதால் அது கைவிடப்பட்டது.

சீக்கத்தை அறிய அதன் முகத்தைத் தெரிந்திருக்க வேண்டும். பெருங்குடலின் வெளிச்சுவரில் நீளவாக்கில் ஓடும் மூன்று தசைப்பட்டைகள் இங்கே வந்து ஒன்றுகூடுகின்றன. உள்ளிருந்து பார்த்தால் காக்கையின் கால்தடம் போல மூன்று கோடுகள் ஒரு புள்ளியில் சேர்வது தெரியும். அந்தப் புள்ளிக்கு அருகே குடல்வாலின் வாய், சிறு பிறை வடிவில் இருக்கும். சில சென்டிமீட்டர் தள்ளி, ஒரு மடிப்பின் மேல், சற்றே மஞ்சள் பாரித்துத் தடித்த உதடுகளோடு சிறுகுடல் வந்து திறக்கும் வால்வு. மஞ்சளுக்குக் காரணம் அதன் உதட்டில் உள்ள கொழுப்பு. குடல்வால் வாயின் பிறை வளைந்திருக்கும் திசையை வைத்தே வால்வு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கும் உத்தியும் உண்டு. வால்வுக்குள் ஸ்கோப்பை நுழைத்துவிட்டால் சந்தேகமே இல்லை: பெருங்குடலின் வழவழப்பு மறைந்து, நுண்விரல்கள் நிரம்பிய சிறுகுடலின் வெல்வெட் பரப்பு திரையில் விரியும்.

சீக்கத்தின் நல்ல படம் என்பது இந்த அடையாளங்களை அங்கே இல்லாத ஒருவருக்கும் காட்டித் தருவது. மிக நெருங்கி எடுத்தால் குடல்வாலின் வாய் மட்டும் சட்டத்தை அடைத்துக்கொள்ளும். அது ஏதோ ஒரு குழி என்று மறுக்கலாம். கொஞ்சம் பின்வாங்கி, தேங்கிய நீரை உறிஞ்சி எடுத்து, லென்சைக் கழுவி, காற்றோ கரியமில வாயுவோ செலுத்திச் சுவரை விரியவைத்து, பிறையும் மடிப்பும் ஒரே சட்டத்தில் அமையும்படி எடுக்க வேண்டும். வால்வை மட்டும் தனியே எடுத்த படங்கள் பல நேரம் ஏமாற்றிவிடும். அதன் வடிவம் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே படத்தை நம்பாமல் இரண்டு மூன்று எடுப்பவர்களே என் பார்வையில் நல்ல மருத்துவர்கள்.

இங்கே வரலாற்றை ஒரு எட்டுப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் எளிதில் வளையும் குழாயில் ஏறி வயிற்றுக்குள் முதலில் போனது கேமராதான். கண் பிறகுதான் போனது. 1950-இல் டோக்கியோவில் அறுவை மருத்துவர் உஜி தட்சுரோவும் ஒலிம்பஸ் நிறுவனத்தின் சுகியுரா முட்சுவோவும் ஃபுகாமி மசஹாருவும் ஒரு வளையும் குழாயின் நுனியில் குட்டிக் கேமராவையும் விளக்கையும் வைத்து இரைப்பைக்குள் இறக்கினார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று மருத்துவருக்குத் தெரியாது. அறையை இருட்டாக்கி, வயிற்றின் மேல் மினுங்கும் வெளிச்சத்தைப் பார்த்து, கேமரா எங்கே நிற்கிறது என்று ஊகித்துச் சுட வேண்டும். ஃபிலிமைக் கழுவிய பிறகுதான் நோய் தெரியும். 1957-இல் மிச்சிகனில் பாசில் ஹிர்ஷோவிட்ஸ் கண்ணாடி இழைக் கற்றையால் செய்த ஸ்கோப்பை முதலில் தானே விழுங்கிப் பார்த்த பின்புதான் வளையும் குழாய் வழியே மருத்துவரின் கண் நேராக உள்ளே போனது. 1969-இல் நியூயார்க்கில் வில்லியம் வுல்ஃபும் ஹிரோமி ஷின்யாவும் கம்பிச் சுருக்கை ஸ்கோப் வழியே அனுப்பிப் பெருங்குடலின் உட்சுவரில் முளைக்கும் பாலிப் என்ற கட்டியை வயிற்றைக் கிழிக்காமல் அறுத்தெடுத்தார்கள். ஆனால் இழை ஸ்கோப்பில் கண் வைத்துப் பார்ப்பவர் ஒருவர்தான். அவர் கண்டதை அறையில் உள்ள எல்லோரும் ஒன்றாகக் காண முடியாது. 1983-இல் வெல்ச் அலின் நிறுவனம் ஸ்கோப் நுனியில் மின்னணுச் சில்லைப் பொருத்திப் படத்தைத் திரைக்குக் கொண்டுவந்தபோது அறையில் இருந்த செவிலியர், மாணவர் எல்லோரும் ஒரே காட்சியைப் பார்க்கலாம் என்றானது. கைப்பிடியில் ஒரு பொத்தானை அழுத்தினால் படம் உறைந்து சேமிப்பில் விழும். அதன் பிறகு 'படம் எடுக்கவில்லை' என்பதற்குச் சாக்கு குறைந்துவிட்டது.

எத்தனை படம், எங்கே எடுப்பது என்று ஐரோப்பிய உள்நோக்கிச் சங்கம் 2001-இல் ஒரு பட்டியல் தந்தது. கீழ் மலக்குடலில் தொடங்கி சிக்மாய்டின் நடு, மண்ணீரல் வளைவின் இருபுறமும், கல்லீரல் வளைவின் இருபுறமும், வால்வு, கடைசியாகக் குடல்வால் வாயோடு சீக்கம் என 8 படங்கள். நோய் எதுவும் இல்லாவிட்டாலும் இந்த 8 படங்களும் வேண்டும். 'ஒன்றும் இல்லை' என்பதற்கும் ஆதாரம் வேண்டும் என்ற இந்த எண்ணம் மருத்துவத்தில் அவ்வளவு பழையதல்ல.

படங்களோடு இன்னொன்றும் சத்தமில்லாமல் பதிவாகிறது: நேரம். சீக்கத்தின் படத்தில் உள்ள மணிக்கும் மலக்குடலில் எடுத்த கடைசிப் படத்தின் மணிக்கும் உள்ள வித்தியாசமே ஸ்கோப்பை வெளியே இழுக்க எடுத்துக்கொண்ட நேரம். உள்ளே போகும்போது வழி தேடுவதே வேலை. சுவரை உற்றுப் பார்ப்பது திரும்பி வரும்போதுதான். இல்லினாய்ஸ் மாநிலத்தின் ராக்ஃபோர்ட் நகரில் ஒரே குழுவாக வேலை செய்த 12 குடல் மருத்துவர்களை 2006-இல் வெளியான ஓர் ஆய்வு ஒப்பிட்டது. எல்லோரும் அனுபவசாலிகள். ஆனால் எதையும் அறுத்தெடுக்க வேண்டியிராத பரிசோதனைகளில் ஒருவர் சராசரியாக 3.1 நிமிடத்தில் வெளியே வந்தார், இன்னொருவர் 16.8 நிமிடம் எடுத்துக்கொண்டார். சராசரி 6 நிமிடத்துக்கு மேல் எடுத்தவர்கள் 28.3 சதவீத நோயாளிகளிடம் புற்றாக மாறக்கூடிய வளர்ச்சிகளைக் கண்டார்கள். விரைந்தவர்கள் கண்டது 11.8 சதவீதம். ஒரே ஊர், ஒரே மாதிரி நோயாளிகள். யாரிடம் போய்ப் படுத்தோம் என்பதைப் பொறுத்து, இருக்கும் பாலிப் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் இரண்டு மடங்குக்கும் மேல் வேறுபட்டது.

உடனே பலரும் 6 நிமிடத்தை விதியாக்கினார்கள். பாஸ்டனில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனை 7 நிமிடம் என்று வைத்தது. மருத்துவர்கள் கிட்டத்தட்ட முழுமையாகக் கீழ்ப்படிந்தார்கள், நேரம் கூடியது, கிடைத்த பாலிப்களின் எண்ணிக்கை கூடவில்லை. 2008-இல் வெளியான இந்த முடிவு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கடிகாரம் பார்ப்பவர் குடலைப் பார்ப்பதாக ஆகிவிடாது.

அப்படியானால் நன்றாகப் பார்ப்பது என்றால் என்ன? இண்டியானாவைச் சேர்ந்த டக்ளஸ் ரெக்ஸ் 2000-இல் இதற்கு விடை தேடினார். ஒரே நோயாளிக்கு அடுத்தடுத்து இருமுறை கொலோனோஸ்கோபி செய்த முந்தைய ஆய்வில், ஒரு மருத்துவர் 17 சதவீத அடினோமாக்களை, அதாவது புற்றாக மாறக்கூடிய பாலிப்களை, தவறவிட்டிருந்தார். இன்னொருவர் தவறவிட்டது 48 சதவீதம். இவ்விருவரின் பரிசோதனைக் காணொளிகளை, யாருடையது என்று சொல்லாமல் நிபுணர்களிடம் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார். குறைவாகத் தவறவிட்டவர் நான்கிலும் முன்னால் நின்றார்: மடிப்புகளின் பின்பக்கத்தைப் பார்ப்பது, கழுவி உறிஞ்சுவது, குடலைப் போதிய அளவு விரிப்பது, அவசரப்படாமல் இருப்பது. பெருங்குடலின் சுவர் சீராக இருப்பதில்லை. புடவைக் கொசுவம் போல மடிந்து மடிந்து வருகிறது, ஒவ்வொரு மடிப்பையும் ஸ்கோப் முனையால் விலக்கி மறுபக்கத்தைப் பார்த்தாக வேண்டும். அந்த மறுபக்கத்தில்தான் பாலிப் ஒளிந்திருக்கும். நிழற்படம் இந்த விலக்கலைக் காட்டாது. 8 படங்களும் அழகாக இருக்கலாம். அவற்றுக்கு இடையே உள்ள குடல் முழுவதும் பார்க்கப்படாமலே போயிருக்கலாம்.

போலந்திலிருந்து 2010-இல் வந்த ஆய்வு இதை எண்ணிக்கையில் நிறுவியது. 186 மருத்துவர்கள், 45,026 பேர். பரிசோதனையில் 'புற்றுநோய் இல்லை' என்று அனுப்பப்பட்டு, அடுத்த பரிசோதனைக்கு முன்பே புற்றுநோயோடு திரும்பியவர்கள் 42 பேர். இவர்களைப் பரிசோதித்தவர்கள் யார் என்று தேடினார்கள். தாம் பரிசோதிப்பவர்களில் 20 சதவீதத்துக்குக் குறைவானவர்களிடம் மட்டுமே அடினோமாவைக் காணும் மருத்துவர்களிடம் போனவர்களுக்கு இந்த ஆபத்து பத்து மடங்குக்கும் மேல். சீக்கத்தை எத்தனை முறை அடைந்தார் என்பதற்கும் இந்தப் புற்றுநோய்களுக்கும் அந்த ஆய்வில் தொடர்பு தெரியவில்லை. கடைக்கோடி வரை போவது அடிப்படைத் தகுதி. ஆளைக் காப்பாற்றுவது வழியில் எதைப் பார்த்தோம் என்பது. கலிஃபோர்னியாவில் 3,14,872 கொலோனோஸ்கோபிகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வில் மருத்துவர்களின் அடினோமா கண்டறிதல் விகிதம் 7.4-இலிருந்து 52.5 சதவீதம் வரை பரந்து கிடந்தது. அந்த விகிதம் ஒரு சதவீதப் புள்ளி கூடும்போது பின்னால் புற்றுநோய் வரும் ஆபத்து 3 சதவீதம் குறைந்தது.

இந்த எண்களைப் படிக்கும்போது, பரிசோதனை முழுவதையும் காணொளியாகவே பதிந்துவிட்டால் என்ன என்று தோன்றும். ரெக்ஸ் அதையும் செய்து பார்த்தார். 7 மருத்துவர்களின் பரிசோதனைகளை முதலில் அவர்களுக்குத் தெரியாமலும், பிறகு சொல்லிவிட்டும் பதிவு செய்தார். பதிவாகிறது என்று தெரிந்ததும் அவர்கள் குடலைப் பார்க்கும் நேரம் கூடியது. மடிப்புகளைத் துழாவும் விதமும் மேம்பட்டது. புதிய கருவி இல்லை, புதிய மருந்து இல்லை. பின்னால் ஒருவர் பார்ப்பார் என்ற எண்ணம் மட்டுமே. மேற்பார்வையை அவமானமாகக் கருதும் மனநிலை மருத்துவத் துறையில் இன்னும் போகவில்லை. அது போக வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

நோயாளிக்கும் இந்தப் படத்தில் பங்கு உண்டு. பேதி மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வருபவரின் குடல் சுவரில் மலத்துணுக்குகள் ஒட்டியிருக்கும். அதன் அடியில் என்ன இருக்கிறது என்று எந்தக் கேமராவுக்கும் தெரியாது. மருந்தை முழுவதும் முந்தைய நாளே குடிக்காமல், பாதியை முதல் நாள் மாலையிலும் மீதியைப் பரிசோதனைக்குச் சில மணி நேரம் முன்பும் குடித்தால் குடல் நன்றாகச் சுத்தமாகிறது. வலப்பக்கக் குடலில் இது கூடுதலாகப் பயன்படும். குடல் எவ்வளவு சுத்தம் என்பதற்குப் பாஸ்டன் அளவுகோல் ஒன்று உள்ளது: வலப்பக்கம், நடு, இடப்பக்கம் மூன்றுக்கும் தனித்தனியே 0 முதல் 3 வரை மதிப்பெண், எந்தப் பகுதியும் 2-க்குக் கீழே போகக் கூடாது. போனால், 10 ஆண்டு நிம்மதி கிடையாது. ஓராண்டுக்குள் மறுபடி வர வேண்டும். அந்த மதிப்பெண்ணுக்கும் படமே சாட்சி.

பாலிப் கிடைத்துவிட்டால் படத்தின் வேலை இன்னும் கனமாகிறது. ஸ்கோப்பின் அகலக்கோண லென்ஸ் அளவைத் திரித்துக் காட்டும்: அருகே இருப்பது பெருத்தும், சட்டத்தின் ஓரத்தில் இருப்பது சுருங்கியும் தெரியும். 9 மில்லிமீட்டரா 10 மில்லிமீட்டரா என்பது வெறும் ஒரு மில்லிமீட்டர் விவகாரம் இல்லை. அமெரிக்க நெறிகளின்படி 10 மில்லிமீட்டருக்குக் குறைந்த அடினோமா ஒன்றோ இரண்டோ இருந்தால் அடுத்த பரிசோதனை 7 முதல் 10 ஆண்டுகள் கழித்து. 10 மில்லிமீட்டரைத் தொட்டுவிட்டால் 3 ஆண்டில். அதனால் கவனமானவர்கள் அளவு தெரிந்த கம்பிச் சுருக்கையோ திறந்த பயாப்ஸி இடுக்கியையோ பாலிப்புக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கிறார்கள். வெள்ளை வெளிச்சத்தில் ஒன்று, நீலமும் பச்சையும் மட்டும் உள்ள குறுகிய அலை வெளிச்சத்தில் ஒன்று. 415, 540 நானோமீட்டர் அலைகளை ரத்தத்தின் ஹீமோகுளோபின் உறிஞ்சிக்கொள்வதால் பாலிப்பின் மேல் ஓடும் நுண்ரத்தக் குழாய்கள் பழுப்பாகத் துலங்கும். அந்த வலைப்பின்னலின் ஒழுங்கு குலைந்திருந்தால் உள்ளே புற்று இறங்கியிருக்கலாம். பிறகு அறுத்த இடத்தின் படம், விளிம்பில் எச்சம் இல்லை என்று காட்ட. வலப்பக்கக் குடலில் வரும் தட்டையான, ரம்பப் பல் போன்ற அமைப்புள்ள வளர்ச்சிகள் இன்னும் சிரமம் தருபவை. சுவரின் நிறத்திலேயே, சளிப் போர்வைக்கு அடியில் படுத்துக் கிடக்கும். சளியைக் கழுவுவதற்கு முன் ஒரு படமும் பின் ஒரு படமும் எடுத்தால், அடுத்து வரும் மாணவருக்கு அது பாடம்.

அப்படிச் சேர்ந்த படங்களிலிருந்துதான் கணினியும் பாடம் கற்றது. சீனாவின் செங்டு நகரில் 1,058 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், சந்தேகத்துக்குரிய இடத்தைத் திரையில் சட்டமிட்டுக் காட்டும் செயற்கை நுண்ணறிவின் துணையோடு அடினோமா கண்டறிதல் 20.3-இலிருந்து 29.1 சதவீதமாக உயர்ந்தது. கூடுதலாகக் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை மிகச் சிறியவை. ஆனால் 2025-இல் போலந்திலிருந்து வந்த இன்னோர் ஆய்வு கவலை தருகிறது. நான்கு மையங்களில் இந்தக் கருவி புழக்கத்துக்கு வந்த பிறகு, அது இல்லாமல் செய்த பரிசோதனைகளில் கண்டறிதல் 28.4-இலிருந்து 22.4 சதவீதமாகக் குறைந்திருந்தது. சட்டம் போடும் கணினி, மடிப்பை விலக்கித் தராது. சட்டத்துக்காகக் காத்திருக்கப் பழகிய கண்ணுக்குத் தானாகத் தேடும் பழக்கம் விட்டுப்போகலாம்.

பிரிட்டனின் கதைக்கு வருகிறேன். 2004-இன் அதிர்ச்சிக்குப் பிறகு அங்கே பயிற்சி மையங்கள் வந்தன. 2006-இல் தொடங்கிய புற்றுநோய் கண்டறிதல் திட்டத்தில் தனியே தேர்வு எழுதித் தேறியவர்கள் மட்டுமே ஸ்கோப் பிடிக்கலாம் என்றார்கள். ஒவ்வொருவரின் விகிதமும் கணக்கெடுக்கப்பட்டது. 2011-இல் மறுபடி நாடு முழுவதும் 302 மையங்களில் 20,085 பரிசோதனைகளை ஆராய்ந்தபோது சீக்கத்தை அடைந்தது 92.3 சதவீதம். படம் மட்டுமே இதைச் செய்யவில்லை. பயிற்சியும் கணக்கெடுப்பும் வெளிப்படைத்தன்மையும் சேர்ந்து செய்தன.

நம் ஊர் மையங்களிலும் இப்போது அறிக்கையோடு வண்ணப் படங்களை அச்சிட்டுத் தருகிறார்கள். பலர் அவற்றை மருந்துச் சீட்டுகளோடு கசக்கி வைத்துவிடுகிறார்கள். வைத்திருங்கள், அடுத்த முறை எந்த மருத்துவரிடம் போனாலும் கொண்டுபோங்கள். பெரிய தட்டைப் பாலிப்பைத் துண்டு துண்டாக அறுத்தெடுத்தவர் 6 மாதம் கழித்துத் திரும்பி வர வேண்டும். அப்போது ஸ்கோப் பிடிப்பவர் வேறொருவராகவும் இருக்கலாம். ஒன்றரை மீட்டர் குடலில் அவர் தேட வேண்டியது வெளிறிய ஒரு தழும்பை. முன்பு அறுத்தவர் பக்கத்தில் கறுப்பு மையால் பச்சை குத்தி, எந்த மடிப்பு, எந்தப் பக்கம் என்று தெரியும்படி படமும் எடுத்து வைத்திருந்தால், நேராக அங்கே போய், கழுவி, குறுகிய அலை வெளிச்சத்தைப் போட்டு, தழும்பின் விளிம்பில் அடினோமா மறுபடி முளைத்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.